சத்தியச் சாமியின் எள்ளுருண்டை

வெள்ளிக்கிழமைகளில் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிறவர்களுக்கு ஈ ஓட்டுவதுதான் வேலை. வாங்க வேண்டிய சனம் முழுவதும் இரண்டு மைல் தள்ளி, தோட்டவெளி நடுவே முளைத்திருந்த சத்திய வயிரவர் கோயிலில் நின்றது. முளைத்திருந்த என்று சும்மா சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த இடத்தில் மரவள்ளிதான் நின்றது. மரவள்ளியைப் பிடுங்கிவிட்டு ஒரு சூலத்தை நட்டார்கள். அது மரவள்ளியைவிட வேகமாக வளர்ந்தது.

நெல்லியடியிலிருந்து ஒரு பஸ் முழுக்க ஆட்கள். சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து நாலு வான். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் பெட்டிகளை வீட்டில் இறக்க முதல் இங்கே வந்து செருப்பைக் கழற்றினார்கள். யூடியூப்காரர் மூன்று பேர் சூலத்துக்குப் பக்கத்து இடத்துக்காகத் தள்ளுப்பட்டார்கள். “குடிகாரரை நடுநடுங்க வைக்கும் யாழ்ப்பாணத்துச் சாமி! கடைசிவரை பாருங்கள்!” என்று தலைப்புப் போட்டால் ஒரே நாளில் லட்சம் பேர் பார்த்தார்கள். பார்த்த லட்சம் பேரில் ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. வந்திருந்தாலும் கீழே கருத்து எழுதுகிற இடத்தில் கைகூப்பிய படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார்கள்.

சாமியின் பெயர் சத்தியச் சாமி. தாய் தகப்பன் வைத்த பெயர் கதிரவேலு. பன்னிரண்டு வருஷம் இமயமலையில் தவம் செய்ததாக அவரே மைக்கில் சொன்னார். சட்டைக்கொலரில் கவ்விக்கொண்டு நிற்கும் சின்ன மைக் அது. முனகினாலும் நாலு ஒலிபெருக்கியில் தோட்டவெளி முழுக்கக் கேட்கும்.

குடிகாரனைக் கொண்டுபோய் விட்டால் சாமி அவன் கையில் கறுப்புக் கயிற்றைக் கட்டுவார். அதற்குச் சத்தியக் கட்டு என்று பெயர். சூலத்தைத் தொட்டு, இனிக் குடிக்கமாட்டேன் என்று அவன் சத்தியம் செய்ய வேண்டும். பிறகு இருபத்தொரு எள்ளுருண்டை போட்ட ஒரு பை கொடுப்பார். நாளுக்கு ஒன்று. “சத்தியம் மீறிக் குடிச்சால், வயிரவர் நெஞ்சிலை ஏறி மிதிப்பார்!” என்று சாமி கர்ச்சிப்பார். இன்னொரு சட்டமும் இருந்தது. உருண்டையைக் கட்டுக் கட்டியவன் மட்டுமே சாப்பிட வேண்டும். வேறு யாரும் வாயில் வைத்தால் பெரிய தோஷம்.

சொன்னபடியே நடந்தது, அதுதான் விசேஷம். மீறிக் குடித்தவர்களை வயிரவர் உண்மையாகவே மிதித்தார். கால் மணித்தியாலத்துக்குள் முகம் செங்கல் நிறமாகும். தலை வெடிக்கும். குடல் வெளியே வருமளவுக்குச் சத்தி எடுப்பார்கள். நெஞ்சு படபடவென்று அடிக்கும். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பகுத்தறிவு பேசுகிற இரண்டொரு வாத்திமார்கூட, “அதிலை ஏதோ ஒண்டு இருக்குத்தான்” என்று தலையைச் சொறிந்தார்கள். அவர்கள் சொன்னது சரி. அதில் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்தது.

மதுராவின் வீட்டுக்கும் ஒரு பை வந்து சேர்ந்தது.

மதுரா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம். “குடாநாட்டில் போதைப் பாவனையாளர்களுக்கான உளவளத்துணை” என்ற தலைப்பில் நாற்பது பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தலைப்பை அவளே கேட்டு வாங்கினாள். காரணம் வீட்டுக்குள் இருந்தது. அண்ணன் யதுசன் வெல்டிங் கடையில் வேலை. வேலையில் கெட்டிக்காரன், மாலை ஆறு மணிக்குப் பிறகு மட்டும் அவன் வேறு ஆள். அப்பா நாற்பத்தெட்டு வயதில் நெஞ்சுவலியில் போனவர். யதுசனுக்கும் போன வருஷம் ஒருமுறை நெஞ்சு பிடித்தது. அதனால் அவன் தடுமாறிக்கொண்டு படலையைத் திறக்கும்போதெல்லாம், கை நெஞ்சில் இருக்கிறதா என்றுதான் மதுரா முதலில் பார்ப்பாள்.

“அம்மா, ஆஸ்பத்திரியிலை செவ்வாய்க்கிழமையிலை இதுக்கெண்டே கிளினிக் நடக்குது. அண்ணையைக் கூட்டிக்கொண்டு போவமே?” என்று அவள் கேட்டாள்.

“விசரே உனக்கு?” என்றாள் அம்மா கேதீஸ்வரி. “அங்கை போய் வாங்கிலை குந்தி இருந்தால் நாலு சனம் காணும். பிறகு உனக்கு ஒரு சம்பந்தம் பேசேலுமே?”

நாலு சனம் காணக்கூடாது என்று பயந்த கேதீஸ்வரி அடுத்த வெள்ளிக்கிழமை மகனை எழுநூறு சனத்துக்கு முன்னால் முழங்காலில் நிறுத்தினாள். சாமி வேப்பிலைக் கட்டால் அவன் தலையில் அடித்தார். அதையும் மூன்று கமரா எடுத்தன. டொக்டரிடம் தனியாகக் கதைத்தால் மானம் போகும். லட்சம் பேர் பார்க்க அடி வாங்கினால் போகாது. எங்கள் ஊரில் மானத்துக்கு அப்படியொரு கணக்கு.

மதுரா நூலகத்துக்குப் போனாள். அங்கே கிறிஸ்துநாயகம் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர். குருநகர்க்காரர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அவள் கேட்ட மூன்று புத்தகத்தையும் தேடி எடுத்துத் தூசியைத் தட்டினார்.

“பிள்ளை, உதைக் கேட்டு ஆள் வந்து ஒன்பது வருஷம்” என்றார், திகதி அடித்த தாளைக் காட்டி. “பஞ்சாங்கமும் சாத்திரப் புத்தகமும் இரவல் போய்ப் போய்க் கிழிஞ்சு கிடக்குது. உது இப்பவும் புதுக் கடதாசி மணக்குது.”

“ஒருத்தருக்கும் தேவையில்லைப் போலை, அங்கிள்.”

“தேவை எல்லாருக்கும் இருக்குது. வாசிக்கத்தான் பஞ்சியும் சோம்பலும்.”

அவள் வாசித்தாள். குடி ஒரு பாவமில்லை, அது ஒரு வருத்தம் என்று எழுதியிருந்தது. ஆளைத் திட்டாதே, கேள்வி கேள், பதிலைப் பொறுமையாகக் கேள் என்று எழுதியிருந்தது. கொப்பி நிறையக் குறிப்பு எழுதினாள். “மருந்துகள்” என்று ஓர் அத்தியாயம் வந்தது. அது டொக்டர்மாருடைய வேலை, தன்னுடைய தலைப்பு உளவளத்துணை என்று முப்பது பக்கத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட்டாள். கேள்வித்தாளில் வராத பாடத்தை வாசிக்கக்கூடாது என்றுதானே ஒன்றாம் வகுப்பிலிருந்து எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

கட்டுக் கட்டி ஒன்பதாம் நாள் பின்னேரம், கடையில் யாருக்கோ பிறந்தநாள் என்று யதுசன் இரண்டு கிளாஸ் அடித்தான். வீட்டு முற்றத்துக்கு வந்தபோது முகம் இரத்தம் கட்டினது போலச் சிவந்திருந்தது. மாமரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். பிறகு நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிலத்தில் சரிந்தான்.

“ஓட்டோவைக் கூப்பிடுங்கோ அம்மா! ஆஸ்பத்திரிக்குப் போவம்!” என்று மதுரா கத்தினாள்.

கேதீஸ்வரி கற்பூரம் கொளுத்திக்கொண்டு நின்றாள். “மிதியுங்கோ வயிரவரே! இன்னும் நல்லாய் மிதியுங்கோ! அப்பதான் உவனுக்குப் புத்தி வரும்!” அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் முகத்தில் ஒரு திருப்தியும் இருந்தது. பெற்ற பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது தாயைக் கற்பூரம் கொளுத்த வைக்கிற பக்தியை நினைக்க மதுராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும் வந்தது. அப்பாவும் இதே முற்றத்தில்தான் சரிந்தார்.

மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு யதுசன் எழும்பித் தண்ணீர் கேட்டான். வெள்ளிக்கிழமை கேதீஸ்வரி ஓடிப்போய்ச் சாமியிடம் சொன்னாள். சாமி கண்ணை மூடி வயிரவரோடு கதைத்தார். “பெடியன் முரடன். வாற வெள்ளி இரட்டைக் கட்டு. பிறகு நாளுக்கு ரெண்டு உருண்டை” என்றார்.

நாளுக்கு இரண்டு. மதுராவுக்கு அன்றைக்கு நித்திரை வரவில்லை. ஏன் பயப்படுகிறாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு விஷயம் அவளை உறுத்தியது. ஆய்வுக்காக அவள் கட்டுக் கட்டிய பதினாறு வீட்டில் கதைத்திருந்தாள். சாராயம் குடித்தவர்களை எல்லாம் வயிரவர் மிதித்திருந்தார். ஐஸ் போதைப்பொருள் பாவிக்கிற இரண்டு பேரும் கஞ்சா அடிக்கிற ஒருவனும் அதே சூலத்தைத் தொட்டு அதே சத்தியத்தைச் செய்து, அடுத்த நாளே மீறியவர்கள். அவர்களுக்குத் தும்மல்கூட வரவில்லை. வயிரவருக்குச் சாராயம் மட்டும்தான் மணக்குமா?

அந்தக் கிழமை அவள் புத்தகத்தில் வாசித்ததைச் செய்து பார்த்தாள். தேத்தண்ணியோடு போய் அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“அண்ணை, உங்களுக்கு எப்ப குடிக்கோணும் போலை வாறது?”

யதுசன் திடுக்கிட்டுப் பார்த்தான். ஏன் குடிக்கிறாய் என்று திட்டியவர்கள் ஆயிரம் பேர். எப்ப என்று கேட்டது இவள்தான் முதல்.

“ஆறு மணிக்கு” என்றான். “கடை பூட்டி வரேக்கை. அப்பா வாற நேரம் அது. வீட்டிலை அப்பான்ரை சயிக்கிளைக் கண்டால் எனக்கு ஏலாமல் கிடக்கு.”

இருபத்தொரு உருண்டையிலும் இந்தப் பதில் இல்லை.

“உந்த உருண்டையையும் நான் இப்ப முழுக்கத் தின்னிறேல்லை” என்றான் அவன். “பாதியைக் கடிச்சுப்போட்டுக் கோப்பையிலை வைச்சிடுவன்.”

மீதிப் பாதி எங்கே போகிறது என்று இருவரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதை இரண்டு நாள் முன்னதாக முடிந்திருக்கும்.

பிரசாதத்தை எறியக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் சட்டப் புத்தகத்தைவிடப் பெரிய சட்டம். குப்பையில் போட்டால் பாவம். கிணற்றில் போட்டால் பாவம். கால் படுகிற இடத்தில் போட்டால் ஏழு பிறப்புக்கும் பாவம். வேறு யாரும் சாப்பிடக்கூடாது என்று சாமி வேறு சொல்லியிருக்கிறார். இந்த இடியப்பச் சிக்கலில் கேதீஸ்வரி ஒரு நூலைப் பிடித்தாள். பெற்ற தாய் வேறு ஆளா? கன்னத்தில் போட்டுக்கொண்டு, மகன் மிச்சம் விட்ட பாதி உருண்டைகளைத் தானே சாப்பிட்டாள். நாலைந்து நாள் அப்படி நடந்தது.

புதன்கிழமை பின்னேரம் அவளுக்கு முழங்கால் உளைவு. பத்து வருஷமாக அதற்கு அவளுடைய மருந்து அரிஷ்டம்தான். அன்றைக்கு உளைவு கூட என்பதால் அரைக் கிளாஸ் குடித்தாள். விளக்குக்கு எண்ணெய் விடப் போனவளுக்கு முகம் எரிந்தது. கண் சிவந்தது. படி இறங்க முதல் சத்தி. நெஞ்சு மத்தளம் போல அடித்தது. வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக் கமலாவதி ஓடிவந்தாள். மதுரா அம்மாவின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். கமலாவதி முகத்தைப் பார்த்தாள், சத்தியைப் பார்த்தாள், இரண்டு கையையும் வாயில் வைத்தாள்.

“ஐயோ கேதீஸ்வரியக்கா! இது வயிரவற்றை மிதியெல்லோ! நீங்களுமோ?”

கேதீஸ்வரிக்கு ஒரு மணித்தியாலத்தில் சுகம் வந்தது. பெயருக்கு வரவில்லை. வியாழன் காலை பால் வாங்கப் போன இடத்தில், அவள் அரிசிப் பீப்பாவுக்குள் போத்தல் ஒளித்து வைப்பதாகக் கதை. மத்தியானத்துக்குள் அது இரண்டு போத்தலானது. இருபது வருஷம் நாள் தவறாமல் கோயிலுக்குப் போனவள் ஒரே நாளில் ஊரின் குடிகாரியானாள். அவள் குடித்து யாரும் கண்டதில்லை. ஆனால் வயிரவரின் மிதி பொய் சொல்லுமா?

“நான் ஒரு சொட்டும் வாயிலை வைச்சதில்லையே பிள்ளை” என்று கேதீஸ்வரி தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். “உவன் மிச்சம் விட்ட பாதி உருண்டையளைத் தின்ன பாவமோ, இல்லை வயிரவருக்கும் ஆள் மாறிப்போச்சோ?”

அந்த வார்த்தை மதுராவின் மண்டையில் தைத்தது. சத்தியம் செய்யாதவள், குடிக்காதவள், மிதி வாங்கியிருக்கிறாள். ஐஸ் அடிக்கிறவன் வாங்கவில்லை. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் பொதுவாக இருந்தது சத்தியமில்லை, உருண்டை. அவள் நேரே நூலகத்துக்குப் போய், தள்ளிவிட்ட முப்பது பக்கத்தைத் திறந்தாள்.

அத்தியாயத்தின் எட்டாவது பக்கத்தில் இருந்தது. டைசல்பிராம் என்று ஒரு குளிசை. குடியை விட விரும்புகிறவருக்கு, அவருக்கே சொல்லி, அவருடைய சம்மதத்தோடு, டொக்டர் கொடுப்பது. அது உடம்பில் இருக்கும்போது மதுசாரம் உள்ளே போனால் முகம் சிவக்கும், தலை இடிக்கும், சத்தி வரும், நெஞ்சு படபடக்கும். இருதய நோயாளிக்குக் கொடுக்கக்கூடாது, உயிருக்கே ஆபத்து. ஆளுக்குத் தெரியாமல் ஒருநாளும் கொடுக்கக்கூடாது. நிறுத்தினாலும் இரண்டு கிழமை வரை வேலை செய்யும். கீழே சின்ன எழுத்தில்: மதுசாரம் கலந்த இருமல் மருந்து, டொனிக் போன்றவற்றையும் தவிர்க்கவும்.

மதுரா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழே இருந்துதான்.

“போதைப் புத்தகம் வாசிச்சுச் சிரிக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்” என்றார் கிறிஸ்துநாயகம்.

“அங்கிள், வயிரவரைக் கண்டுபிடிச்சிட்டன். இருநூற்றிப் பதினாலாம் பக்கத்திலை இருக்கிறார்.”

சிரிப்பு படியிறங்க முதல் நின்றுபோனது. இருதய நோயாளிக்குக் கொடுக்கக்கூடாது. நாளை வெள்ளி. நாளுக்கு இரண்டு.

வீட்டுக்கு வந்ததும் அரிஷ்டப் போத்தலை எடுத்துத் திருப்பினாள். எறும்புக் கால் அளவு எழுத்தில், தானாக உண்டாகும் மதுசாரம் இத்தனை வீதம் என்று போட்டிருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

“என்ன? இதுக்குள்ளை சாராயமோ?” கேதீஸ்வரி எழும்பி இருந்தாள். “அப்ப பத்து வருஷமாய் நான்... ஐயோ என்ரை வயிரவரே!”

“சாராயமில்லை அம்மா. மருந்து புளிக்கேக்கை கொஞ்சம் உண்டாகும். அதாலை உங்களுக்கு இவ்வளவு காலமும் ஒண்டும் செய்யேல்லையே. உருண்டையோடை சேர்ந்தாப்பிறகுதான் செய்தது.” பிறகு புத்தகத்தில் இருந்ததை எல்லாம் சொன்னாள்.

கேதீஸ்வரி எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், “புத்தகத்திலை கிடக்கிறது சரி. அது எங்கடை உருண்டைக்குள்ளை கிடக்கெண்டு உனக்கு என்னெண்டு தெரியும்?” என்றாள்.

மூன்று வருஷப் படிப்பில் எந்த விரிவுரையாளரும் மதுராவிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்கவில்லை.

“தெரியாது” என்றாள். “ஆனால் அதைச் செய்தவருக்குத் தெரியும். அவரையே சாப்பிடச் சொல்லுவம். உருண்டை ஒண்டு, அரிஷ்டம் அரைக் கிளாஸ். அரிஷ்டம் நீங்கள் குடிச்ச அதே அளவு. அவர் குடிக்கிறவருமில்லை, சத்தியம் மீறினவருமில்லை. வயிரவற்றை வேலை எண்டால் அவருக்கு ஒண்டும் வரக்கூடாது.”

“சாப்பிட்டிட்டால்?”

“சாப்பிட விடமாட்டன், தட்டிவிடுவன். சாக்கொல்ல ஏலுமே? அவற்றை முகத்தை மட்டும் பாத்தால் காணும்.”

வெள்ளிக்கிழமை எழுநூறு பேரும் வந்திருந்தார்கள். குடிகாரியைப் பார்க்க மேலும் இருநூறு பேர். கமலாவதி சாமியின் காதில் விஷயத்தை முன்பே போட்டிருந்தாள். கேதீஸ்வரி மகனோடும் மகளோடும் வந்து நின்றதும் சாமி சூலத்தைக் குலுக்கினார்.

“ஒரு வீட்டிலை கள்ளம் நடக்குது! மகன் மட்டுமில்லை, தாயும்! வயிரவர் காட்டிக் குடுத்திட்டார்! சொல்லும் அம்மா, குடிச்சனீரோ இல்லையோ?”

“ஓம், குடிச்சனான்” என்றாள் கேதீஸ்வரி. கூட்டம் “ஓ!” என்றது. அவள் பைக்குள் கையை விட்டுப் போத்தலை எடுத்தாள். இன்னும் பெரிய “ஓ!” எழுந்தது. “இதுதான் நான் குடிச்சது. அரிஷ்டம். இஞ்சை நிக்கிற அரைவாசிப் பேர் வீட்டிலை இருக்குது. இதோடை உங்கடை உருண்டையும் சாப்பிட்டனான்.”

“உருண்டையை நீர் ஏன் தொட்டனீர்? அதுதான் தோஷம்!”

மதுரா முன்னால் வந்தாள். “தோஷம் எங்களுக்குத்தானே சாமி. உங்களுக்கு வராதே? இந்தாங்கோ, நீங்கள் தந்த அதே பை. ஒரு உருண்டை சாப்பிட்டு அரைக் கிளாஸ் அரிஷ்டம் குடிச்சுக் காட்டுங்கோ. அரை மணித்தியாலம் பாப்பம். உங்களுக்கு ஒண்டும் செய்யாட்டில் நானும் அம்மாவும் ஊர் முழுக்க முழங்காலிலை வாறம்.”

“யார் உந்தப் பெட்டை? சாமியைச் சோதிக்கிறாள்!” என்று சத்தம் வந்தது. அந்த நேரம் கோயில் சபைத் தலைவர் தில்லைநாதன் எழும்பினார். எழுபது வயது, சுத்தமான மனிதர், சாமியில் அசையாத நம்பிக்கை. அவரால்தான் சாமிக்கு அழிவு வந்தது.

“சாமி, ஒண்டைச் சாப்பிட்டுக் காட்டுங்கோ! உவளின்ரை வாயை ஒரேயடியாய் மூடிவிடுங்கோ!” என்றார் கண்ணில் நீரோடு.

“நான் விரதம்” என்றார் சாமி.

“பிரசாதத்துக்கு விரதமில்லை எண்டு போன கிழமை நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“உருண்டை குடிகாரருக்கு. எனக்கு வேலை செய்யாது.”

“வேலை செய்யாதெண்டால் பயமில்லையே சாமி, சாப்பிடுங்கோ!”

“அரிஷ்டம் தீட்டு!”

“அதென்ன கதை சாமி? நானே பதினைஞ்சு வருஷமாய்க் குடிக்கிறன். வேர் பட்டை தானே!”

கூட்டம் “சாமி! சாமி!” என்று கைதட்டியது. ஒருவர்கூடச் சந்தேகத்தில் தட்டவில்லை. முழு நம்பிக்கையோடு தட்டினார்கள். தில்லைநாதன் பக்திப் பரவசத்தில் ஓர் உருண்டையை எடுத்து, குழந்தைக்கு ஊட்டுவது போலச் சாமியின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். இன்னொரு பக்தர் அரிஷ்டத்தைக் கிளாஸில் வார்த்துக்கொண்டு மற்றப் பக்கம் வந்தார். சாமியின் பிடரியை அன்போடு ஒருவர் பிடித்தார். மதுரா தட்டிவிடக் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தாள். அவளுக்கு வேலை வரவில்லை.

“எடு கையை! எடு எண்டுறன்!” என்று சாமி அலறினார். “எனக்கு இருதய அடைப்புக்கு நெஞ்சிலை குழாய் வைச்சுக் கிடக்கு! உதைத் திண்டிட்டு அரிஷ்டத்தைக் குடிச்சால் நான் செத்துப்போவன்!”

கொலர் மைக் தன் கடமையைச் செய்தது. நாலு ஒலிபெருக்கியும் அந்த உண்மையைத் தோட்டவெளி முழுக்கக் கொண்டுபோயின. இரண்டு வருஷத்தில் சாமி சொன்ன முதல் உண்மை.

தில்லைநாதனின் கை உருண்டையோடு அந்தரத்தில் நின்றது. பிறகு நெல்லியடி பஸ்ஸில் வந்திருந்த குணலட்சுமி என்ற ஓர் அம்மா மெதுவாக எழும்பினாள். கையில் அன்றைக்கு வாங்கிய புதுப் பை இருந்தது.

“என்ரை மனிசனுக்கும் நெஞ்சிலை குழாய் கிடக்கு சாமி” என்றாள். “நான் வரேக்கை எல்லாம் சொன்னனான். நீங்கள் அவருக்கு நாப்பத்திரண்டு உருண்டை தந்தனீங்கள்.”

சாமி மைக்கைக் கையால் பொத்தினார். வயிரவர் உதவிக்கு வரவில்லை.

மதுரா அவருடைய கொலரிலிருந்து மைக்கைக் கழற்றினாள். ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகச் சொன்னாள். “ஒருத்தரும் இனி உருண்டையைத் தொட வேண்டாம். சாப்பிட்டவை ரெண்டு கிழமைக்குச் சாராயமோ அரிஷ்டமோ ஒரு சொட்டும் வாயிலை வைக்க வேண்டாம். பையைக் கொண்டுபோய் டொக்டரிட்டைக் காட்டுங்கோ. எறிஞ்சிடாதேங்கோ, அது சாட்சி.”

பொலிசும் சுகாதாரப் பரிசோதகரும் பின்னேரம் வந்தார்கள். சூலத்துக்குப் பின்னால் இருந்த அலுமாரியில் குளிசைப் பெட்டிகளும் ஓர் அம்மியும் இருந்தன. அம்மியில் வெள்ளைத் தூள். பன்னிரண்டு வருஷம் தவம் செய்த இமயமலை, கொழும்பில் ஒரு பாமசியின் பின்னறை என்று பிறகு தெரிந்தது. மருந்தின் பெயரும் அளவும் கதிரவேலுவுக்கு அங்கேதான் ஞானோதயமாயின. பெட்டியிலிருந்த எச்சரிக்கைத் தாளையும் அவர் வாசித்திருந்தார். தன் நெஞ்சுக்கு மட்டும் அதைப் பொருத்திப் பார்த்தார். மனைவிமாரும் தாய்மாரும் கொண்டுவந்து நிறுத்தியவர்களின் நெஞ்சுகளுக்குப் பார்க்கவில்லை.

சனம் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? “சாமி நல்லவர்தான், குளிசைதான் பிழை” என்றார்கள் சிலர். “எண்டாலும் கன பேர் குடியை விட்டவைதானே?” என்றார்கள் வேறு சிலர். மதுராவின் பதினாறு வீட்டில் குடியை விட்டவர் ஒருவருமில்லை. பன்னிரண்டு பேர் விட்டது உருண்டையை. மிதி வாங்கிய மனுசன் அடுத்த நாளே அதை நாய்க்குப் போட்டுவிட்டு, இரண்டு கிழமை பொறுத்துச் சாராயத்துக்குத் திரும்பியிருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை யதுசன் கிளினிக்குக்குப் போனான். முதலில் நெஞ்சைச் சோதித்தார்கள், பிறகு ஒரு டொக்டர் அம்மா முக்கால் மணித்தியாலம் அவனோடு கதைத்தார். கயிறு கட்டவில்லை. தலையில் அடிக்கவில்லை. வெளியே வந்தவன், “வாற கிழமையும் வரச்சொன்னவ. லேசாய் வராதாம், கன நாள் எடுக்குமாம்” என்றான். அன்றைக்கு ஆறு மணிக்கு அவன் அப்பாவின் சயிக்கிளுக்கு எண்ணெய் விட்டான். மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மறுபடியும் ஒருமுறை குடித்தான். குடித்ததைத் தானாகவே தங்கச்சியிடம் வந்து சொன்னான். கேதீஸ்வரி இந்தமுறை கற்பூரம் கொளுத்தவில்லை, பக்கத்தில் இருந்து தேத்தண்ணி கொடுத்தாள். கிளினிக்கில் வருகிறவர்கள் உட்கார ஏழு வாங்கு போட்டிருந்தார்கள். ஆறு வாங்கில் ஆளில்லை.

அந்த மாதமே கமலாவதி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

“கேதீஸ்வரியக்கா, கேள்விப்பட்டனீங்களே? கொடிகாமப் பக்கத்திலை ஒரு அம்மாவாம். தேன் குடுக்கிறாவாம். ஐஸ் அடிக்கிற பெடியளும் திருந்துதாம். எட்டு மணிக்கு வான். வாறியளே?”

கேதீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“நீர் முதல் போம். அந்தத் தேனிலை ஒரு கரண்டியை அவவின்ரை பெத்த பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லும். குடுத்தால் வந்து சொல்லும், நான் வாறன்.”

வான் எட்டு மணிக்கு வெளிக்கிட்டது. பதினெட்டுப் பேர் ஏறினார்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கிற எண்ணத்தோடு ஏறியவர் எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள், உங்களுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவரைக் கேளுங்கள்.